கட்ஆஃப்பை யாரும் நிர்ணயிப்பதில்லை: பொறியியல் தரவரிசை வேலை செய்யும் விதம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே பேச்சு ஆரம்பித்துவிடும். "அந்தக் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 192 வச்சிருக்காங்களாம்." "போன வருஷம் 188-க்கே குடுத்தாங்களே, இந்த வருஷம் ஏத்திட்டாங்க போல." கல்லூரி முதல்வரும் பேராசிரியர்களும் உட்கார்ந்து பேசி, இந்த வருஷம் இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவெடுத்ததுபோல ஒரு தொனி.

அப்படி யாரும் முடிவெடுப்பதில்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கட்ஆஃப் என்று நாம் பட்டியலில் பார்க்கும் எண், கலந்தாய்வு நடந்து முடிந்த பிறகு தானாக மிஞ்சும் எண். அது விதி அல்ல, விளைவு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கல்லூரி விருப்பப் பட்டியல் போடுவதில், வரும் குழப்பத்தில் பாதி போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஜன்னல் சீட்டும் டோக்கனும்

40 இருக்கைகள் உள்ள ஒரு சுற்றுலாப் பேருந்து. அதில் 20 ஜன்னலோரம். ஏறப்போகிறவர்களுக்கு 1 முதல் 40 வரை டோக்கன் கொடுத்தாயிற்று. டோக்கன் வரிசைப்படி ஒவ்வொருவராக ஏறி, அந்த நேரத்தில் காலியாக இருக்கும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

முதல் ஆள் ஜன்னலோரம் பிடிக்கிறார். ஐந்தாவது ஆளுக்கு முன்வரிசைதான் முக்கியம், ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இப்படியே போய், கடைசி ஜன்னல் சீட் 27-ஆம் டோக்கன்காரருக்குக் கிடைக்கிறது. 28-க்கு இல்லை.

அடுத்த வாரம் அதே பேருந்து கிளம்பும்போது "ஜன்னலுக்கு கட்ஆஃப் 27" என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான், போன வாரத்துக்கு. இந்த வாரம் எல்லோருக்கும் ஜன்னல் ஆசை வந்தால் 20-லேயே முடிந்துவிடும். நிறைய பேர் முன்வரிசையை விரும்பினால் 33 வரைகூடப் போகும். 27 என்பதை ஓட்டுநரும் முடிவு செய்யவில்லை, நடத்துநரும் முடிவு செய்யவில்லை. முன்னால் ஏறியவர்கள் எதை விரும்பினார்கள் என்பதுதான் அதை முடிவு செய்தது.

டோக்கன்தான் உங்கள் தரவரிசை எண், அதாவது ரேங்க். ஜன்னல் சீட் என்பது நீங்கள் விரும்பும் கல்லூரியில் நீங்கள் விரும்பும் பாடப்பிரிவு. அந்த 27 என்பது கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க். கல்லூரிக்குக் கட்ஆஃப் என்று நாம் சொல்வது அந்தக் கடைசி ஆளின் மதிப்பெண். அவ்வளவுதான்.

டோக்கன் எண் எங்கிருந்து வருகிறது

உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து. கணிதம் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. மொத்தம் 200. கணிதத்துக்கு இரட்டிப்பு எடை என்பதைப் பலர் மேலோட்டமாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஒரு மாணவி கணிதம் 96, இயற்பியல் 91, வேதியியல் 88 எடுத்திருக்கிறாள். 96 + 45.5 + 44 = 185.5. இன்னொரு மாணவன் கணிதம் 91, இயற்பியல் 96, வேதியியல் 93. 91 + 48 + 46.5 = 185.5. மூன்று பாடங்களையும் கூட்டினால் அவனுக்கு 280, அவளுக்கு 275. ஐந்து மதிப்பெண் அதிகம் எடுத்தும் கட்ஆஃப் சமம். அதோடு முடியவில்லை. 200-க்கான மதிப்பெண் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். ஆகவே ரேங்க்கில் அவளே முன்னால்.

கணிதமும் சமமென்றால் இயற்பியல், அப்புறம் மற்ற அளவுகோல்கள், வயதில் மூத்தவர் யார் என்பது, எல்லாமே சமமென்றால் ரேண்டம் எண். விண்ணப்பித்த எல்லோருக்கும் கணினி கொடுக்கும் பத்து இலக்க எண் அது. ரிசல்ட்டைவிட அந்த எண்ணை நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இம்மி பிசகாமல் இன்னொருவரோடு சமமாக நிற்கும்போதுதான் அதற்கு வேலை.

சிபிஎஸ்இ போன்ற வேறு வாரியத்தில் படித்தவர்களை எப்படி இதே வரிசையில் நிறுத்துவது? அதற்குச் சமன்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண்ணைச் சமமாகக் கருதுவார்கள். மாநில வாரியத்தில் இயற்பியலில் உச்சம் 100, இன்னொரு வாரியத்தில் உச்சம் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு இங்கே 66.66. உச்சம் இரண்டிலும் 100 என்றால் எதுவும் மாறாது.

வீட்டுப் பெரியவர்கள் "நான் 285 எடுத்தேன்" என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டாம். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து 2006 வரை நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்ஆஃப். 2007-08 சேர்க்கையிலிருந்துதான் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

மூன்று எண்களுக்கு ஒரே பெயர்

குழப்பத்துக்குப் பெரிய காரணம், நம் ஊரில் கட்ஆஃப் என்ற ஒரே பெயரில் மூன்று எண்கள் உலவுவது.

முதலாவது, மேலே போட்ட கணக்கு. "என் கட்ஆஃப் 185.5" என்று மாணவர் சொல்வது தன் சொந்த மதிப்பெண்ணை. இரண்டாவது, பேருந்தில் பார்த்த 27: ஒரு கல்லூரியில் ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் எண். இதை இந்தக் கட்டுரையில் இனிமேல் கடைசி மதிப்பெண் என்றே சொல்கிறேன். மூன்றாவது, தகுதி மதிப்பெண். வரிசையில் நிற்கவே வேண்டிய குறைந்தபட்ச எண் இது. மூன்றில் இது மட்டும்தான் விதிப்படி வருவது.

மூன்றாவதை இரண்டாவதாக நினைத்து ஏமாறுவது நீட் விஷயத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. "நீட் கட்ஆஃப் அறிவிப்பு" என்று தொலைக்காட்சியில் ஓடுவது தகுதி மதிப்பெண்தான். பொதுப் பிரிவுக்கு அது 50-வது பெர்சென்டைல். பெர்சென்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்பது. 50-வது பெர்சென்டைல் என்பது 50 சதவீத மதிப்பெண் அல்ல. வரிசையின் நடுவில் நிற்பவர் எடுத்த மதிப்பெண், அது எவ்வளவாக இருந்தாலும் சரி. 2022-இல் அது 720-க்கு 117. 2024-இல் 162. அந்த மதிப்பெண்ணை எடுத்தவர் கலந்தாய்வு வாசலுக்கு வரலாம், அவ்வளவே. அரசு மருத்துவக் கல்லூரியில் கடைசி இடம் அதற்கு எவ்வளவோ மேலே முடிந்திருக்கும். முதுநிலை நீட்டில் 2023-இல் இந்தத் தகுதி பூஜ்ய பெர்சென்டைல் வரை இறக்கப்பட்டது. பூஜ்யம் எடுத்தவருக்கெல்லாம் டாக்டர் சீட் என்று அப்போது பரவிய கேலியும் இதே குழப்பம்தான். கதவைத் திறந்து வைப்பது வேறு, நாற்காலி கிடைப்பது வேறு.

ஆக, யாராவது கட்ஆஃப் என்று ஒரு எண்ணைச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: மாணவருடையதா, கடைசியாகச் சேர்ந்தவருடையதா, தகுதிக்கானதா?

மதிப்பெண் அப்படியே இருக்கும், ரேங்க் ஓடிவிடும்

2024-இல் 200-க்கு 200 எடுத்தவர்கள் 65 பேர். 2025-இல் 144 பேர். தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் 2024-இல் சுமார் 2 லட்சம், 2025-இல் சுமார் 2.4 லட்சம். ஒரே மதிப்பெண்ணோடு இரண்டு ஆண்டுகளில் வரிசையில் நின்றால் இரண்டு வேறு இடங்களில் நிற்பீர்கள். வினாத்தாள் எளிது, கடினம், எழுதியவர்கள் அதிகம், குறைவு என்று எல்லாமே அதை நகர்த்தும். பொதுத்தேர்வு ரத்தான 2021-இல் பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று கலந்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி மதிப்பெண்ணை எடுத்துவைத்துக்கொண்டு வேறு ஆண்டோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று. ஒரு மதிப்பெண் குறைந்தால் ரேங்க் எவ்வளவு தள்ளிப்போகும்? அது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உச்சியில் ஆட்கள் குறைவு, நடுவில் நெரிசல். 80-லிருந்து 200 வரை அரை அரை மதிப்பெண்ணாக ஏறினால் 240 படிகள். 2 லட்சம் பேரை அந்தப் படிகளில் சமமாக நிறுத்தினாலே படிக்கு 800 பேருக்கு மேல் வருகிறது. உண்மையில் சமமாக நிற்பதில்லை, நெரிசலான படிகளில் இன்னும் கூடுதல். நடுவில் நிற்பவருக்கு ஒரே ஒரு மதிப்பெண், ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டும் விஷயம். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் அவ்வளவு பேர் விண்ணப்பிப்பதன் காரணம் இதுதான்.

அதனால் பழைய பட்டியலோடு ஒப்பிடும்போது மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், ரேங்க்கை ஒப்பிடுங்கள். "போன வருஷம் 188" என்பதைவிட "போன வருஷம் கடைசி ரேங்க் 7,000" என்பது பல மடங்கு உபயோகமான தகவல். இந்த ஆண்டு உங்கள் ரேங்க் 6,500 என்றால் உங்களுக்கு முன்னால் 6,499 பேர்தான். அது எந்த வினாத்தாளாலும் மாறாது.

பொது ரேங்க், சமூக ரேங்க்

தரவரிசைப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எல்லோரையும் சேர்த்த பொது ரேங்க். இன்னொன்று உங்கள் சமூகப் பிரிவுக்குள் நீங்கள் எத்தனையாவது என்பது.

தமிழ்நாட்டில் ஒரு பிரிவில் அரசு ஒதுக்கீட்டில் 100 இடங்கள் இருந்தால் 31 பொதுப்போட்டி, அதாவது ஓசி. பிசிக்கு 26.5, பிசி முஸ்லிமுக்கு 3.5, எம்பிசிக்கு 20, எஸ்சிக்கு 15, எஸ்சி அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1. இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம்.

இங்கேதான் மிகப் பரவலான தவறு ஒன்று இருக்கிறது. ஓசி என்பது முற்பட்ட சாதியினருக்கான ஒதுக்கீடு அல்ல. அந்த 31 இடங்களும் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் திறந்திருக்கும் இடங்கள். பிசி மாணவி ஒருத்தியின் முறை வரும்போது, அவள் கேட்ட பிரிவில் ஓசி இடம் காலியாக இருந்தால் அதுதான் அவளுக்குப் போகும். பிசி இடத்தைத் தொடமாட்டார்கள். ஓசி தீர்ந்த பிறகே பிசி கணக்கு ஆரம்பிக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். பிசி பட்டியலில் உங்களுக்கு முன்னால் 400 பேர் இருந்தாலும், அவர்களில் ஒரு பகுதியினர் ஓசி இடங்களில் உட்கார்ந்துவிடுவார்கள், பிசி இடம் அவர்களால் குறையாது. அதேபோல், ஒரே கல்லூரி, ஒரே பிரிவுக்கு ஓசி வரிசையில் ஒரு கடைசி எண்ணும் ஒவ்வொரு சமூக வரிசையிலும் வேறு வேறு கடைசி எண்ணும் இருக்கும். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு 182-க்கே கிடைச்சுதே" என்ற புலம்பல் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களைக் கலந்துகட்டிப் பார்ப்பதால் வருவது.

கலக்கக்கூடாத பட்டியல் இன்னொன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தனி ரேங்க், தனிக் கடைசி மதிப்பெண். விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் வாரிசு போன்ற சிறப்புப் பிரிவுகளும் தனி. நிர்வாக ஒதுக்கீடு இந்த வரிசைக்குள்ளேயே வராது.

சுருக்கமாக, உங்கள் பொது ரேங்க்கை ஓசி கடைசி ரேங்க்கோடும், சமூக ரேங்க்கை அதே சமூகத்தின் கடைசி ரேங்க்கோடும் வைத்துப் பாருங்கள். குறுக்கே மாற்றிப் பார்க்காதீர்கள்.

கடைசி மதிப்பெண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

அது கூட்டத்தைக் காட்டுகிறது, தரத்தைக் காட்டவில்லை. ஒரே கல்லூரியில் கணினி அறிவியல் 195-இல் முடிந்து, சிவில் 170-இல் முடிந்தால் சிவில் ஆசிரியர்கள் மோசம் என்று அர்த்தமில்லை. அந்த ஆண்டு மாணவர்கள் எதன் பக்கம் ஓடினார்கள் என்பதுதான் தெரிகிறது. வேலைச் சந்தை திரும்பினால் இந்த எண்களும் திரும்பும்.

இடங்களின் எண்ணிக்கையும் முக்கியம். நன்றாக நடக்கும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25 முதல் எடுத்துவிட்டது. அப்படி ஒரு கல்லூரி கணினி அறிவியலில் இடங்களைக் கூட்டினால், வரிசையில் இன்னும் பின்னால் நிற்பவர் வரை இடம் போகும், கடைசி மதிப்பெண் இறங்கும். உடனே "அந்தக் காலேஜ் டவுன் ஆயிடுச்சு" என்று பேச்சு கிளம்பும். டவுன் ஆகவில்லை, நாற்காலி கூடியிருக்கிறது. அதே சமயம், ஒரு கல்லூரியில் இடம் கூடினால் அடுத்த நிலைக் கல்லூரிகளுக்கு வர வேண்டியவர்கள் மேலே போய்விடுவார்கள், அங்கேயும் எண் இறங்கும். ஒரு எண்ணைத் தனியாக எடுத்துப் படித்தால் தப்பாகப் படிப்போம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாய்ஸ் வரிசை: இங்கேதான் நிஜமான நஷ்டம்

2018-இலிருந்து கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போய், திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே முடிவு சொல்ல வேண்டும். இப்போது விருப்பப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம், கணினி நமக்காகப் பேருந்தில் ஏறுகிறது.

கணினி செய்வது இதுதான். 1-ஆம் ரேங்க்கிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே படிக்கும். காலியாக இருக்கும் முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்குக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது: உங்கள் முறை வரும்போது ஒரு இடம் காலியாக இருக்கிறதா என்பது உங்களுக்கு முன்னால் இருப்பவர்களை மட்டுமே பொறுத்தது. நீங்கள் அந்தக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டீர்களா, முப்பதாவதாகப் போட்டீர்களா என்பதைக் கணினி ஒரு தகுதியாகவே பார்ப்பதில்லை. ஆக, "கிடைக்காத காலேஜை முதல்ல போட்டா சாய்ஸ் வேஸ்ட் ஆயிடும்" என்பது சுத்தமான கட்டுக்கதை. முதல் சாய்ஸ் கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும். இரண்டாவது கிடைக்கும் வாய்ப்பு அதனால் ஒரு துளிகூடக் குறையாது.

எதிர்ப்பக்கத்தில் நஷ்டம் நிஜம். "நமக்கு எட்டாது" என்று ஆசைப்பட்ட கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டு, அந்த ஆண்டு அங்கே உங்கள் ரேங்க் வரை இடம் இருந்தால், கணினி உங்களைக் கூப்பிடாது. பாதுகாப்பான கல்லூரியை மேலே போட்டுவிட்டால் இன்னும் மோசம். அது காலியாக இருந்தால் அதையே கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும், கீழே இருக்கும் நல்ல சாய்ஸைப் பார்க்கவே பார்க்காது.

ஆசை வரிசைதான் சாய்ஸ் வரிசை. பாதுகாப்பானவை கீழே, தாராளமாக, நிறைய. எத்தனை சாய்ஸ் கொடுத்தாலும் தடையில்லை. நிஜமாகவே சேரமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை மட்டும் போட வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும் கல்லூரிகள் நிறைய இருப்பதால் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு "உங்கள் கட்ஆஃப்புக்கு ஏற்ற சாய்ஸ் லிஸ்ட்" போட்டுத் தருகிறவர்கள் செய்வதும் போன ஆண்டுப் பட்டியலைப் பார்த்து அடுக்குவதுதான். அதை நீங்களே செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டுகளின் கடைசி ரேங்க்கை எடுத்துக்கொண்டு, அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஆடியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ரேங்க் அந்த இடைவெளிக்கு முன்னால் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும், நடுவில் இருந்தால் அதிர்ஷ்டம், பின்னால் இருந்தால் கடினம். கடினம் என்பதற்காகப் போடாமல் இருக்க வேண்டியதில்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

சுற்றுகளும் அப்வர்டும்

எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைப்பதில்லை. ரேங்க்கைப் பிரித்துச் சில சுற்றுகளாக நடத்துகிறார்கள். அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தற்காலிக ஒதுக்கீடு வரும். குறுகிய அவகாசத்துக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதிலே சொல்லாமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பதில்.

ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்றால் கதை முடிந்தது. ஏற்றுக்கொண்டு அப்வர்டுக்குக் காத்திருக்கிறேன் என்றால், கிடைத்த இடம் கையில் இருக்கும், அதற்கு மேலே நீங்கள் போட்ட சாய்ஸ்களில் ஏதாவது காலியானால் அங்கே மாற்றப்படுவீர்கள். காலியாவது எப்படி? முன்னால் இருப்பவர்கள் சிலர் மருத்துவத்துக்கோ ஐஐடி, என்ஐடிக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போய்விடுவதால். மாற்றம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் மேலே இருக்கும் சாய்ஸ் ஒவ்வொன்றும் இப்போது கிடைத்ததைவிட உங்களுக்கு நிஜமாகவே பிடித்ததா என்று சாய்ஸ் போடும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும், ஒதுக்கீடு வந்த பிறகு அல்ல. வேண்டாம், அப்வர்டுக்கு மட்டும் காத்திருக்கிறேன் என்பது மூன்றாவது வழி. அதில் கையில் இருப்பதும் போய்விடும், மேலே காலியாகாவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். கிடைத்த கல்லூரியில் எப்படியும் சேரப்போவதில்லை என்று வீட்டில் பேசி முடிவெடுத்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.